வலி வரவழைக்கும் மருந்து: எந்த வழி நல்வழி?



மகப்பேறு வார்டின் தாழ்வாரத்தில் காத்திருக்கும் தாய்மாரும் மாமியாரும் மருத்துவமனை ஆயரைக் கண்டால் முதலில் ஜெபிக்கச் சொல்வார்கள். அடுத்ததாக, மருத்துவரிடம் கேட்கத் தயங்கிய கேள்விகளையெல்லாம் அவரிடம் கேட்பார்கள். "ஐயா, நாள் தாண்டிவிட்டது, வலி வரவில்லை. மருந்து வைக்கப் போகிறார்களாம், வைக்கலாமா?" "என் மூத்த மகளுக்கு டிரிப்ஸ் போட்டார்கள். இவளுக்கு மட்டும் ஏன் தண்ணீரில் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கிறார்கள்?" "ஒரே மாத்திரையை ஒருத்திக்குக் குடிக்கக் கொடுத்து, அடுத்த கட்டிலில் இருப்பவளுக்குக் கீழே வைக்கிறார்களே, அது ஏன்?"

இவை நல்ல கேள்விகள். உங்கள் வீடுகளிலும் சபைகளிலும் மகள்களும் மருமகள்களும் பிரசவத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஆகவே பிரசவ வலியை வரவழைக்க மருந்து எந்தெந்த வழிகளில் கொடுக்கப்படுகிறது, ஒவ்வொன்றின் நன்மை தீமை என்ன என்பதை மகப்பேறு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவாறு இங்கே விளக்குகிறேன். நான் மருத்துவன் அல்லன். எந்தப் பெண்ணுக்கு எந்த வழி என்பதை அவளைப் பரிசோதிக்கும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

ஏன் காத்திருக்கக் கூடாது?

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் என்று பிரசவத் தேதி குறிக்கிறார்கள். அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் சிலரே. 37 வாரம் நிறைந்ததிலிருந்து 42 வாரத்துக்குள் எப்போது பிறந்தாலும் அது நிறைமாதப் பிரசவம்தான். ஆகையால் தேதி தாண்டி இரண்டு மூன்று நாள் ஆயிற்று என்பதற்காகப் பதற வேண்டியதில்லை.

ஆனால் 41 வாரம் நிறைந்த பிறகு நிலைமை மாறுகிறது. குழந்தைக்கு உணவும் பிராணவாயுவும் கொடுத்துவந்த நஞ்சு தளரத் தொடங்கலாம். குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் அபாயம் சிறிதுதான், எனினும் நாளாக ஆக அது கூடுகிறது. சுவீடன் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 2,760 பெண்களிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பிரிவினருக்கு 41 வாரத்தில் வலி வரவழைத்தார்கள். மற்றப் பிரிவினர் 42 வாரம் வரை காத்திருந்தார்கள். காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் இறந்தன. மருந்து கொடுத்த பிரிவில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. இதற்கு மேல் தொடர்வது நியாயமல்ல என்று 2018இல் அந்த ஆராய்ச்சியை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். இரு பிரிவிலும் சிசேரியன் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. 41 வாரம் நிறைந்தால் வலி வரவழைக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் ஆகும்.

நாள் தாண்டுவது மட்டுமே காரணம் அல்ல. தாய்க்கு இரத்த அழுத்தம் கூடிக் கால் முகம் வீங்கிச் சிறுநீரில் புரதம் போகும்போது, குழந்தை பிறந்து நஞ்சு வெளியேறினால்தான் அந்த நோய் தணியும். காத்திருந்தால் வலிப்பு வரலாம். பனிக்குடம் உடைந்து நீர் போய்விட்டும் வலி வராவிட்டால் கிருமி உள்ளே ஏறும் ஆபத்து உண்டு. சர்க்கரை நோய், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு ஆகியவையும் காரணங்களாகும்.

நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. வயிறு இழுத்துப் பிடித்தால் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். வலி அடங்கிவிட்டால் அது சூட்டு வலி, அடங்காமல் கூடினால் பிரசவ வலி என்பது பெரியவர்கள் கணக்கு. இதனால் தீங்கில்லை. ஆனால் வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் குடிக்கவைப்பது வேறு. வயிற்றுப்போக்கும் வாந்தியுமாகப் பெண் களைத்துப்போவாள். பிரசவத்துக்கு வேண்டிய பெலன் அதிலேயே போய்விடும்.

முதலில் கருப்பை வாய் கனிய வேண்டும்

மருந்துகளை ஒப்பிடுமுன் ஓர் அடிப்படை உண்மையை மனதில் கொள்ள வேண்டும். பிரசவம் நடக்க இரண்டு காரியங்கள் நிகழ வேண்டும். கருப்பையின் தசை விட்டுவிட்டுச் சுருங்க வேண்டும், அதுதான் வலி. கருப்பையின் வாய் மெதுவாகி, குறுகி, திறந்துகொடுக்க வேண்டும். கனியாத வாய் மூக்கு நுனியைப் போலக் கெட்டியாக இருக்கும். பிரசவம் நெருங்கும்போது உதட்டைப் போல மெத்தென்று ஆகிவிடும். இதைத்தான் கருப்பை வாய் கனிதல் என்கிறார்கள். வாய் கனியாதபோது வலியை மட்டும் உண்டாக்கினால், பூட்டிய கதவை இடித்துக்கொண்டிருப்பது போல் ஆகும். தாய்க்கு வேதனையும், குழந்தைக்குச் சோர்வும், முடிவில் சிசேரியனும் மிஞ்சும்.

வாய் எவ்வளவு கனிந்திருக்கிறது என்பதை அளக்க "பிஷப் மதிப்பெண்" என்று ஒன்று உண்டு. இதைக் கேட்டதும் நம் பேராயர் அவர்கள் மதிப்பெண் போடுகிறார்களோ என்று ஒரு பாட்டி வியப்படைந்தார். எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் 1964இல் வெளியிட்ட முறை இது. வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு குறுகியிருக்கிறது, மென்மையா கெட்டியா, முன்னோக்கியா பின்னோக்கியா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்து காரியங்களைப் பார்த்து 13க்கு மதிப்பெண் போடுவார்கள். 6 அல்லது அதற்குக் குறைவென்றால் வாய் கனியவில்லை, முதலில் கனியவைக்க வேண்டும். 8க்கு மேல் என்றால் வாய் தயார், வலியைத் தூண்டினாலே போதும்.

அக்காவுக்கு டிரிப்ஸ், தங்கைக்கு மாத்திரை என்பதன் முதற் காரணம் இதுவே. அக்காவின் கருப்பை வாய் ஏற்கெனவே கனிந்திருந்தது. தங்கையினுடையது இன்னும் கனியவில்லை.

இரத்தக்குழாய் வழி: டிரிப்ஸ்

மக்கள் "வலி டிரிப்ஸ்" என்று சொல்வது ஆக்ஸிடோசின் என்ற மருந்து. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாறு கருப்பையைச் சுருங்கச் செய்கிறது என்று ஹென்றி டேல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1906இல் கண்டார். வின்சென்ட் டு விக்னோ என்ற அமெரிக்கர் 1953இல் அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்துகாட்டி, 1955இல் நோபல் பரிசு பெற்றார். இயற்கையான பிரசவத்தில் தாயின் உடலே சுரக்கும் பொருள்தான் இது.

இதன் பெரிய நன்மை, கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பது. 500 மில்லிலிட்டர் திரவத்தில் 2.5 யூனிட் மருந்தைக் கலந்து, நிமிடத்துக்குப் பத்துச் சொட்டில் தொடங்கி, அரைமணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டுவது ஒரு முறை. வலி அளவுக்கு மீறினால் குழாயை மூடிவிடலாம். இரத்தத்தில் உள்ள மருந்து சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

ஆனால் கனியாத வாயைக் கனியவைக்கும் ஆற்றல் இதற்கு மிகக் குறைவு. பெண் கையில் ஊசியோடு கட்டிலிலேயே இருக்க வேண்டும். சொட்டுக்களை எண்ண ஒரு செவிலியர் விடாமல் அருகில் வேண்டும். மருந்தைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். வெயிலிலும் வெப்பத்திலும் கிடந்த மருந்து வீரியம் இழந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குழந்தை பிறக்குமுன் சீக்கிரம் பிரசவம் ஆகட்டும் என்று இதே மருந்தைத் தசையில் ஊசியாகப் போடும் வழக்கம் சில கிராமங்களில் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. தசையில் ஏற்றிய மருந்தை நிறுத்தவும் முடியாது, திரும்ப எடுக்கவும் முடியாது. கருப்பை ஓயாமல் இறுகி, குழந்தைக்குப் பிராணவாயு தடைப்படலாம். கருப்பையே கிழிந்துபோகலாம். குழந்தை பிறந்த பின் இரத்தப்போக்கைத் தடுக்க 10 யூனிட் ஊசி போடுவது வேறு காரியம். அது ஒவ்வொரு தாய்க்கும் கொடுக்க வேண்டிய நல்ல பாதுகாப்பு. மருந்து ஒன்றே, பிறப்புக்கு முன்னா பின்னா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

பிறப்பு வழியில் வைக்கும் ஜெல்

கருப்பை வாயைக் கனியச் செய்யும் பொருள்களுக்குப் புரோஸ்டாகிளாண்டின்கள் என்று பெயர். இவையும் நம் உடலில் இயற்கையாகவே உண்டு. ஆப்பிரிக்காவில் உகாண்டாவின் கம்பாலா நகரில் சுல்தான் கரீம் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் இவற்றால் பிரசவ வலியைத் தூண்டலாம் என்று 1968இல் வெளியிட்டார்கள். இவ்வகைப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1982இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவற்றுள் டைனோபுரோஸ்டோன் என்பது பல காலமாகப் பயன்பட்டு வருகிறது. கருப்பை வாயில் செலுத்தும் ஜெல்லாகவும், நூல் கட்டிய சிறு பட்டையாகவும் இது கிடைக்கிறது. பட்டையில் உள்ள மருந்து மெதுவாக வெளிவரும். வலி அதிகமானால் நூலைப் பிடித்து வெளியே இழுத்துவிடலாம். நல்ல மருந்துதான். ஆனால் விலை கூடுதல். ஜெல்லைக் குளிர்ப்பெட்டியிலும் பட்டையை உறைநிலையிலும் வைத்துக் காக்க வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்களில் இது சிறிய தொல்லை அல்ல.

வயிற்றுப் புண் மாத்திரை பிரசவ அறைக்கு வந்த கதை

மிசோபுரோஸ்டால் என்பது மற்றொரு புரோஸ்டாகிளாண்டின். 1973இல் அமெரிக்காவின் சியர்ல் நிறுவனம் இதை உருவாக்கியது. 1988இல் அந்நாட்டு அரசு வயிற்றுப் புண்ணுக்கான மருந்தாக இதை அனுமதித்தது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் இது விற்பனைக்கு வந்தது. அந்தப் பக்க விளைவையே பயனாக மாற்றலாம் என்று 1990களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் பிரசவத்தில் பயன்படுத்திப் பார்த்தார்கள். விலை மிகக் குறைவு, குளிர்ப்பெட்டி தேவையில்லை, ஈரம் படாமல் காத்தால் போதும். ஏழை நாடுகளுக்கு இது பெரிய உதவியாகத் தோன்றியது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வயிற்றுப் புண்ணுக்கான மாத்திரை 200 மைக்ரோகிராம். பிரசவத்துக்கு வேண்டியதோ அதில் எட்டில் ஒரு பங்கு, 25 மைக்ரோகிராம். ஆரம்பத்தில் 50ம் அதற்கு மேலும் கொடுத்தபோது, வலி விரைவாக வந்தது; கூடவே கருப்பை அளவுக்கு மீறி இறுகுவதும் காணப்பட்டது. பிளேடால் மாத்திரையை எட்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் ஒரே அளவு மருந்து இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஒரு துண்டில் குறைந்தும் மறு துண்டில் கூடியும் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2005இல் 25 மைக்ரோகிராம் மாத்திரையைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இப்போது நம் நாட்டிலும் 25 மைக்ரோகிராம் மாத்திரைகள் கிடைக்கின்றன. கிடைக்காத இடத்தில் 200 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றை 200 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்து, நன்றாகக் கலக்கி, வேளைக்கு 25 மில்லிலிட்டர் அளந்து குடிக்கக் கொடுப்பது ஒரு முறை. ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற எளிய கணக்கு. மீந்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைக்காமல் கொட்டிவிட வேண்டும். தங்கைக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்ததன் காரணம் இதுதான்.

வாய்வழியும் பிறப்புவழியும்

இனி நம் முக்கியமான கேள்விக்கு வருவோம். அதே மாத்திரையை ஒருத்திக்கு வாயிலும் ஒருத்திக்குக் கீழேயும் ஏன் கொடுக்கிறார்கள்?

வழி மாறினால் மருந்தின் வேகமும் தங்கும் நேரமும் மாறுகின்றன. வாயால் விழுங்கிய மருந்து சுமார் அரைமணியில் இரத்தத்தில் உச்சத்தை அடைந்து, இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. பிறப்பு வழியில் வைத்த மாத்திரை மெதுவாகக் கரைந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் சென்றே உச்சத்தை அடைகிறது. பல மணி நேரம் தங்கியும் இருக்கிறது. காய்ந்த ஓலையில் பற்றிய நெருப்புச் சட்டென்று எரிந்து அடங்கும். உமியில் பற்றிய நெருப்பு மெதுவாகப் பிடித்து நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். முதலாவது வாய்வழி, இரண்டாவது பிறப்புவழி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதனால்தான் வேளைகளும் மாறுகின்றன. உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு, வாய்வழியாக 25 மைக்ரோகிராம் இரண்டு மணிக்கு ஒருமுறை. பிறப்புவழியாக 25 மைக்ரோகிராம் ஆறு மணிக்கு ஒருமுறை. ஓலை நெருப்புக்கு அடிக்கடி ஓலை போட வேண்டும். உமி நெருப்பின்மேல் அவசரப்பட்டு மேலும் உமியைக் கொட்டினால், உள்ளே புகைந்துகொண்டிருப்பது ஒரே நேரத்தில் மூண்டுவிடும். பிறப்புவழியில் வைத்துவிட்டு, "இன்னும் வலி வரவில்லையே, இன்னொன்று வையுங்கள்" என்று உறவினர் அவசரப்படுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு, குறைந்த அளவு வாய்வழி மிசோபுரோஸ்டாலைப் பற்றி 61 ஆராய்ச்சிகளையும் 20,000க்கு மேற்பட்ட பெண்களையும் ஆராய்ந்து 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் சாரம் இது:

வாய்வழியையும் பிறப்புவழியையும் ஒப்பிட்டபோது, பிறப்புவழியில் வைத்தவர்களுள் அதிகமானோர் 24 மணி நேரத்துக்குள் சுகமாகப் பிரசவித்தார்கள். ஆனால் வாய்வழியில் கருப்பை அளவுக்கு மீறி இறுகிக் குழந்தையின் இருதயத் துடிப்பு மாறுவது குறைவாக இருந்தது. 25 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவோ கொடுத்தபோது இன்னும் குறைவு. சிசேரியனில் தெளிவான வேறுபாடு இல்லை. டைனோபுரோஸ்டோனோடு ஒப்பிட்டபோது, வாய்வழி மிசோபுரோஸ்டால் பெற்றவர்களுக்குச் சிசேரியன் சற்றுக் குறைவு.

சுருக்கமாகச் சொன்னால், பிறப்புவழி சற்று வேகம். வாய்வழி சற்றுப் பாதுகாப்பு. வாய்வழியில் வேறு வசதிகளும் உண்டு. ஒவ்வொரு வேளைக்கும் உள்பரிசோதனை தேவையில்லை. இது பெண்ணுக்குக் கூச்சத்தையும் வேதனையையும் குறைக்கிறது. பனிக்குடம் உடைந்தவளுக்கு அடிக்கடி கை வைத்துக் கிருமி ஏறும் வாய்ப்பும் குறைகிறது. ஒவ்வொரு வேளையும் கொடுக்குமுன் வலியின் அளவைப் பார்த்து, போதும் என்றால் அடுத்த வேளையை நிறுத்திவிடலாம். ஆனால் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும்கூட, செவிலியர் வந்து நாடி பார்த்து, குழந்தையின் துடிப்பைக் கேட்டு மருந்து கொடுக்க வேண்டும். செவிலியர் குறைவான இடத்தில் ஆறு மணிக்கு ஒருமுறை வைப்பது எளிதாகத் தோன்றுவது இயற்கையே. நாக்கின் அடியில் வைக்கும் வழியும் உண்டு. அதில் மருந்து இரத்தத்தில் மிக உயரமாக ஏறிவிடுவதால், நிறைமாதப் பிரசவத்துக்கு அது பரிந்துரைக்கப்பட்ட வழியாக இல்லை.

மருந்தே இல்லாத ஒரு வழி: பலூன்

சிறுநீர் எடுக்கப் பயன்படும் ஃபோலி குழாயை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் நுனியில் ஒரு சிறு பலூன் உண்டு. அந்தக் குழாயைக் கருப்பை வாயின் வழியாக உள்ளே செலுத்தி, பலூனில் சுமார் 30 மில்லிலிட்டர் நீரை நிரப்புவார்கள். அது உள்ளிருந்து வாயை மெல்ல அழுத்தித் திறக்கிறது. அந்த அழுத்தத்தால் உடலே தன் புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து வாயைக் கனியவைக்கிறது. வாய் போதிய அளவு திறந்ததும் பலூன் தானாக நழுவி வெளியே வந்துவிடும். பின்பு பெரும்பாலும் ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் தேவைப்படும்.

இதன் சிறப்பு, கருப்பையை அளவுக்கு மீறி இறுகச் செய்வது மிகவும் அரிது. குழந்தை பலவீனமாக இருந்தால் இது அதற்குச் சாதகம். பலூனையும் பிறப்புவழிப் புரோஸ்டாகிளாண்டின்களையும் ஒப்பிட்டு, 12 ஆராய்ச்சிகளில் 5,460 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. சிசேரியன் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. குழந்தைக்கு நேர்ந்த தீங்குகள் பலூனில் குறைவு.

பலூனையும் வாய்வழி மாத்திரையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆராய்ச்சிகளைச் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் 1,859 பெண்களிடம் நடந்த ஆராய்ச்சி 2016இல் வெளிவந்தது. அங்கே நான்கு மணிக்கு ஒருமுறை 50 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். பாதுகாப்பில் இரண்டும் சமம் என்று கண்டார்கள்.

மற்றது நம் இந்தியாவில், நாக்பூரில் நடந்தது, 2017இல் வெளிவந்தது. இரத்த அழுத்தம் கூடியதால் பிரசவத்தை விரைவுபடுத்த வேண்டியிருந்த 602 ஏழைப் பெண்கள் அரசு மருத்துவமனைகளில் இதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு 25 மைக்ரோகிராம் மாத்திரை இரண்டு மணிக்கு ஒருமுறை, அதிகபட்சம் 12 வேளை. மற்றவர்களுக்கு ஃபோலி பலூன். 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனவர்கள் மாத்திரைப் பிரிவில் 100க்கு 57 பேர், பலூன் பிரிவில் 100க்கு 47 பேர். கருப்பை அளவுக்கு மீறி இறுகியது இரண்டு பிரிவிலும் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இரத்த அழுத்தம் உள்ள தாய்க்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். சில ரூபாய் மாத்திரை ஒன்று, சரியான அளவில், சரியான இடைவெளியில் கொடுக்கப்பட்டபோது, நூற்றுக்குப் பத்துப் பெண்கள் கூடுதலாக ஒரு நாளுக்குள் சுகமாகப் பெற்றெடுத்தார்கள். பெரிய நகரத்து வசதிகள் இல்லாத மருத்துவமனைகளுக்கு இது நல்ல செய்தி.

யாருக்குக் கூடாது?

முன்பு சிசேரியன் ஆன பெண்ணுக்கு மிசோபுரோஸ்டால் எந்த வழியிலும் கொடுக்கக் கூடாது. பழைய தழும்பு பிரிந்து கருப்பை கிழியும் அபாயம் உண்டு. அப்படிப்பட்டவளுக்கு வலி வரவழைத்தே ஆக வேண்டும் என்றால், அறுவைச் சிகிச்சை வசதி உள்ள இடத்தில் மிகுந்த கவனத்தோடு பலூனை மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம். நஞ்சு கருப்பை வாயை மூடியிருந்தாலோ, குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ வலி வரவழைப்பதே கூடாது. ஆகவே மருத்துவமனைக்கு வரும்போது முந்திய பிரசவச் சீட்டுகளைத் தவறாமல் கொண்டுவர வேண்டும். "முதல் குழந்தை எங்கோ ஆபரேஷனில் பிறந்தது" என்ற ஒரே வாக்கியத்தை மறைத்துவிட்டால் அது உயிருக்கே உலையாகலாம்.

மருந்து கொடுத்த பின் செவிலியர்கள் அடிக்கடி வயிற்றில் கைவைத்து நேரம் பார்ப்பதை உறவினர்கள் கண்டிருப்பீர்கள். பத்து நிமிடத்தில் எத்தனை முறை கருப்பை இறுகுகிறது என்று எண்ணுகிறார்கள். ஐந்துக்கு மேல் போனால் அது மிகை. ஒவ்வொரு இறுக்கத்துக்கும் இடையில்தான் குழந்தை மூச்சுவாங்குகிறது என்று சொல்லலாம். இடைவெளி இல்லாவிட்டால் அது திணறும். அப்போது தாயை இடது பக்கம் திருப்பிப் படுக்கவைப்பார்கள். டிரிப்ஸ் ஓடினால் நிறுத்துவார்கள். தேவையானால் கருப்பையைத் தளர்த்தும் ஊசி போடுவார்கள். மாத்திரை கொடுத்த உடனே டிரிப்ஸும் போடக் கூடாது. பல மணி நேரம் இடைவெளி விட வேண்டும். "ஏன் இரண்டையும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் முடியுமே?" என்று கேட்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

தாழ்வாரத்தில் கேட்கப்படும் மற்றக் கேள்விகள்

"கடவுள் குறித்த நேரத்தை நாம் முந்தலாமா ஐயா?" என்று பக்தியுள்ள தாய்மார் சிலர் மனம் கலங்கிக் கேட்பதுண்டு. தாயின் இரத்தத்தில் ஓடும் ஆக்ஸிடோசினும் கருப்பை வாயைக் கனியவைக்கும் புரோஸ்டாகிளாண்டினும் அவர் படைத்தவையே என்று அவர்களுக்குச் சொல்வேன். அவற்றைக் கண்டறிந்து அளவோடு பயன்படுத்தும் அறிவும் அவர் ஈந்ததே. தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்து நெருங்கும்போது காத்திருப்பது விசுவாசம் ஆகாது.

வேறு சிலர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவார்கள். மாப்பிள்ளை வெளிநாட்டுக்குத் திரும்ப வேண்டும், அல்லது நல்ல நாளில் பிறக்க வேண்டும், ஆகவே முன்கூட்டியே மருந்து வைக்கச் சொல்லுங்கள் என்பார்கள். இது சரியல்ல. காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன் வலி வரவழைத்தால் குழந்தையின் நுரையீரல் முழுமையாக முதிராமல் மூச்சுத் திணறல் வரலாம். நாள்காட்டியைப் பார்ப்பதைவிடத் தாயின் உடல்நிலையையும் குழந்தையின் துடிப்பையும் பார்ப்பதே நன்று.

"மருந்து வைத்தும் சிசேரியன் ஆகிவிட்டதே, வீண்தானே?" என்பது இன்னொரு கேள்வி. வீண் அல்ல. வலி வரவழைப்பது சுகப்பிரசவத்துக்கு ஒரு வாய்ப்பு, உத்தரவாதம் அல்ல. கனியாத வாய் கனிவதற்கே ஒரு பகலும் ஓர் இரவும் ஆகலாம். தலைப்பிரசவத்தில் இன்னும் நேரமாகலாம். குழந்தை சோர்ந்தாலோ வாய் திறக்காவிட்டாலோ அறுவைச் சிகிச்சைக்குப் போவதே ஞானம்.

ஆகவே எந்த வழி நல்வழி? வாய் கனிந்தவளுக்கு டிரிப்ஸ். கனியாதவளுக்கு வாய்வழி மாத்திரை முதலிடம் பெற்றுவருகிறது. பிறப்புவழி மாத்திரையும் ஜெல்லும் அவரவர் நிலைக்கேற்ப. முன்பு அறுவைச் சிகிச்சை ஆனவளுக்கோ குழந்தை பலவீனமாக இருந்தாலோ பலூன். எல்லா வழிக்கும் பொதுவானவை சரியான அளவு, சரியான இடைவெளி, கண் இமைக்காமல் காக்கும் ஒரு செவிலியர், அருகில் அறுவைச் சிகிச்சை அறை. இவை நான்கும் இல்லாத இடத்தில் எந்த வழியும் நல்வழி அல்ல.

உங்கள் வீட்டில் யாராவது நிறைமாதமாக இருந்தால் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை வாரம் நிறைந்தது? முன்பு கருப்பையில் அறுவைச் சிகிச்சை ஆனதா? என்ன மருந்து, எந்த வழியில், எத்தனை மணிக்கு ஒருமுறை கொடுக்கப் போகிறார்கள்? கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவரும் செவிலியரும் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். வீட்டுக்கே வந்து "வலி ஊசி" போடுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லி, அந்தப் பெண்ணை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இதை உங்கள் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்திலும் வாசித்துக் காட்டினால், எந்த வீட்டிலாவது ஒரு தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்ப அது உதவக்கூடும்.